பாய்மரத்தடிக்கு ஒரு செம்பு தண்ணீர்

எஞ்சினுக்குப் பற்றரி எடுத்துவர, படகை விற்கிற ஆர்னே கிழவர் மேலே போயிருக்கிறார். அவர் திரும்பி வரும்வரை நான் ஒன்றையும் முடிவெடுக்கத் தேவையில்லை. படகுக்குள் தனியாக இருந்து பார், அவசரமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு நோர்வேக்காரர் அவசரமில்லை என்று சொன்னால் உண்மையாகவே அவசரமில்லை; எங்களுடைய ஆட்கள் அப்படிச் சொன்னால் பின்னால் வேறு யாரோ காசோடு நிற்கிறார்கள் என்று அர்த்தம். முழங்கால் இரண்டும் தேய்ந்த மனிசன். அந்தச் சரிவில் ஏறி, கொட்டிலைத் திறந்து, பற்றரியைத் தள்ளுவண்டியில் வைத்து இறக்கிக்கொண்டு வர எப்படியும் நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும். பற்றரி செத்துக் கிடந்தால் நல்லது. பற்றரி உயிரோடிருந்து எஞ்சின் செத்துக் கிடந்தால் அதைவிட நல்லது. எஞ்சின் இயங்காத பழைய படகை எந்த விசரனும் வாங்கமாட்டான், பிறகு யோசிக்க ஒன்றுமில்லை, கையைக் குலுக்கிவிட்டுக் காரில் ஏறி வீட்டுக்குப் போய்விடலாம். படகு பார்க்க வந்தவன் எஞ்சின் பழுதாக இருக்கவேண்டும் என்று முத்துமாரிக்கு நேர்த்தி வைக்கிறேன். இதைக் கேட்டால் என் மனிசி ரஞ்சி சிரிப்பாள். முன்பென்றால் சிரித்திருப்பாள். இப்போது அவள் காரில் இருக்கிறாள். கார் மேலே தரிப்பிடத்தில் மலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. கடலுக்கு முதுகு காட்டி நிறுத்தச் சொன்னவள் அவள்தான். இந்த வட்ட யன்னலால் எட்டிப் பார்த்தால் அவளுடைய பின்தலையும் சால்வையின் மஞ்சளும் தெரிகின்றன. அவள் இறங்கி வந்து இந்தப் படகில் கால் வைத்தால் இதை வாங்குவேன். வைக்காவிட்டால் வாங்கமாட்டேன். இவ்வளவுதான் கணக்கு. அவள் வைக்கமாட்டாள் என்பது எனக்குத் தெரியும், அதுவும் கணக்கில் இருக்கிறது.

நல்ல படகென்று சொல்லமுடியாது, கெட்ட படகென்றும் சொல்லமுடியாது, அதுதான் தலையிடி. நான் ஊரைவிட்டு வெளிக்கிட முன்னமே கட்டிய படகு. அரைவாசி பாய், அரைவாசி எஞ்சின். பாயை விரித்தால் காற்று போதாது, எஞ்சினைப் போட்டால் எண்ணெய் போதாது, ஆற்றிலே ஒரு கால் சேற்றிலே ஒரு கால் என்று அசைந்து அசைந்து போகும் சாதி. பாய்க்காரர்கள் இதைப் படகென்றே மதிக்கமாட்டார்கள். எஞ்சின்காரர்கள் இந்தப் பாய்மரம் எதற்கு, சேலை காயப்போடவா என்று கேட்பார்கள். ஆனால் உள்ளே சுக்கான் அறை இருக்கிறது, மழை படாமல் நின்று ஓட்டலாம், மழைக்கே பிறந்த இந்த ஊரில் அது பெரிய விசயம். அடிப்பக்கத்தில் பைபர் கொப்புளம் போட்டிருக்கும், பழைய பைபருக்கு அது சின்னமுத்துக் காய்ச்சல் மாதிரி, ஒருமுறை வந்துதான் போகும். பாயில் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். தளத்தில் ஓரிடத்தில் மிதித்தால் பாண் மாதிரி அமுங்குகிறது, ஆர்னே அந்த இடத்தை அவராகவே காட்டினார். விற்கிறவன் பழுதை மறைத்தால் கண்டுபிடித்து விலகலாம், காட்டினால் என்ன செய்வது? விலை ஒரு பழைய காரின் விலைதான், அதைச் சொல்லித் தப்பவும் வழியில்லை. டீசல் மணக்கிறது. டீசலும் ஈரக் கம்பளியும் எப்போதோ பொரித்த மீனும். இந்த மணம் எனக்கு ஒத்துக்கொள்ளும். மீன் தொழிற்சாலையிலிருந்து வீட்டுக்கு வந்தால் ரஞ்சி முதலில் கையைத்தான் பிடித்து மணப்பாள், "இண்டைக்கும் சல்மன்" என்று முகத்தைச் சுழிப்பாள், எலுமிச்சம்பழப் பாதியைக் குசினிச் சிங்கில் தயாராக வைத்திருப்பாள். தோள்மூட்டு போய் வேலையிலிருந்து நிறுத்திய பிறகு கையில் ஒரு மணமும் இல்லை. எலுமிச்சம்பழமும் இல்லை. கடைசியாக எப்போது அவள் என் கையைப் பிடித்தாள் என்று யோசித்தால் வேலையின் கடைசி நாளில் வந்து நிற்கிறது.

படுக்கை முன்பக்கம். அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறேன், எஞ்சினைப் பார்க்கவேண்டியவன். படகின் மூக்குக்குள் இரண்டு கட்டில் இருந்திருக்கிறது, கால்மாட்டில் ஒன்றாகச் சேர்ந்து தலைமாட்டில் பிரிகிற மாதிரி. இடது பக்கத்துக் கட்டில் இப்போது இல்லை. அதை அரிந்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் டீசலில் எரிகிற சின்ன இரும்பு அடுப்பு ஒன்றைப் பூட்டி வைத்திருக்கிறார். மனைவி செத்த பிறகு என்றார். அடுப்பை ஒருமுறை தட்டினார், அவ்வளவுதான். முதலில் எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு மனிசி படுத்த கட்டிலை வாளால் அரிய எப்படிக் கை வந்தது? பிறகு நினைத்தேன், அது வெறுமையாகக் கிடப்பதைப் பார்க்கிறதைவிட அரிகிறது சுகம். எங்கள் வீட்டுக் கட்டில் அரியமுடியாத கட்டில், இரட்டைக் கட்டில், சுவரிலிருந்து சுவருக்கு. ஆரபி கலியாணம் முடித்து ஒஸ்லோவுக்குப் போன கிழமை ரஞ்சி தன் தலையணையை எடுத்துக்கொண்டு மகளுடைய அறைக்குப் போனாள். நான் குறட்டை விடுகிறேனாம். குறட்டை நேற்றுத் தொடங்கியதில்லை, கட்டிய நாளிலிருந்து விடுகிறேன், ஆரபி பிறக்க முன்னமும் விட்டேன். சரி, வயசு போனால் நித்திரை குறையும் என்று நினைத்தேன், பெரிதாக எடுக்கவில்லை, இப்போதும் பெரிதாக எடுக்கவில்லை. அடுப்பைக் கழற்றலாம். பலகை எனக்கு அடிக்கத் தெரியும். இடது கட்டிலைத் திரும்பப் போட்டு நல்ல மெத்தை ஒன்று வெட்டி வைத்தால் கால் இரண்டும் முட்டிக்கொள்ளும், அவளுக்குக் குளிர்ந்த பாதம், மாரியில் என் கணுக்காலில் கொண்டுவந்து வைப்பாள், ஐஸ்கட்டி மாதிரி இருக்கும், நான் ஏசுவேன். ஏசாமல் இருந்திருக்கலாம். தலை பிரிந்து கால் சேர்ந்து படுக்கிறதும் ஒரு படுக்கைதான். குறட்டையும் காதுக்குக் கிட்டக் கேட்காது.

இந்தப் படகு விளம்பரத்தைக் கண்டுபிடித்தவளே அவள்தான், அதுதான் எனக்குப் பிடிபடாத இடம். கடல் என்றால் அவளுக்கு ஆகாது. கோப்பாய்க்காரி, செம்பாட்டு மண், வெங்காயமும் புகையிலையும் பார்த்து வளர்ந்தவள். ஃபெரியில் காரை ஏற்றினாலே கண்ணை மூடிக்கொண்டு கந்தசட்டிக் கவசம் சொல்லுவாள். நான் வல்வெட்டித்துறை. "கடலோடிக்குப் பெட்டை குடுத்தவன் எண்டு ஊர் என்னைச் சொல்லவிடாதை" என்று அவளுடைய தகப்பன் எழுதினார், அவள் பதில் எழுதவில்லை, இங்கே வந்து பதிவாளருக்கு முன்னால் கையெழுத்து வைத்தாள், அந்த மனிசன் சாகும்வரை அவளோடு கதைக்கவில்லை. அப்படி வந்தவள். அவள் போன ஞாயிறு தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கனகாலத்துக்குப் பிறகு எனக்கு முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, போனைத் திருப்பிக் காட்டினாள்.

"இஞ்சாருங்கோ, இதிலை ஒரு படகு போட்டுக் கிடக்கு. அரைவாசி பாய், அரைவாசி எஞ்சின். உங்களுக்குப் பிடிச்ச மாதிரித்தான். உள்ளுக்கை அடுப்பும் இருக்காம்."

"உமக்குக் கடல் பிடிக்காதே."

"எனக்கோ பாக்கிறது? உங்களுக்குத்தானே."

உங்களுக்குத்தானே. இந்தச் சொல்லை அந்த ஞாயிறிலிருந்து நாக்கில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன், கற்கண்டு மாதிரி, கரையவும் இல்லை இனிக்கவும் இல்லை. என்மேல் இரக்கம் வந்திருக்கும். வீட்டில் சும்மா இருந்து யன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனிசனுக்கு ஒரு பராக்கு வேண்டும் என்று நினைத்திருப்பாள். அல்லது வயசு போகப்போக அவளுக்கும் மனம் மாறியிருக்கும், கோடையில் ஒருக்கால் போய்ப் பார்ப்போம் என்று. வெளியே சொல்ல வெட்கம். பிறகு ஏன் காரை மலைப்பக்கம் நிறுத்தச் சொன்னாள்? வரும் வழியில் சுரங்கப்பாதைக்குள் கேட்டாள், "வாங்கினா எங்கை கட்டுவியள்?" என்று. "எங்கடை துறையிலைதான், வீட்டு யன்னலாலை பாத்தாத் தெரியும்" என்றேன். "ஏன், அது நிக்கிற இடத்திலையே கட்டலாந்தானே, எங்கடை துறையிலை இடம் எடுக்கிறது கஷ்டமாம்." சுரங்கம் முடிந்து வெளிச்சம் வந்தது. எங்கள் துறையில் இடம் எடுப்பது கஷ்டமென்று அவளுக்கு யார் சொன்னது? விசாரித்திருக்கிறாள். எனக்காக அலைந்து விசாரித்திருக்கிறாள். அப்படியென்றால் அது நல்ல அறிகுறிதானே?

அப்பா என்றால் இதற்குள் முடித்திருப்பார். அவர் தண்டையல், சரக்குத் தோணி ஓட்டியவர், பழைய தோணி வாங்கப் போனால் பக்கப்பலகையில் கைமுட்டியால் மூன்று தட்டுத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, வெற்றிலையைத் துப்பிவிட்டு ஓம் அல்லது இல்லை என்பார். ஓம் என்று சொல்லிச் சொதப்பியதும் உண்டு, ஒன்று துறையிலேயே தாண்டு மூழ்கியது, அதற்கும் கவலைப்பட்டதாக எனக்கு ஞாபகமில்லை. நானும் வந்தவுடன் தட்டிப் பார்த்தேன். பைபர் ஒன்றும் சொல்லாது, பிளாஸ்டிக் வாளி மாதிரி டப்பென்று அடங்கிவிடும். ஆர்னே என்னைப் பார்த்தார், நான் கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். அப்பாவிடம் இன்னொரு வழக்கம் இருந்தது, அது ஊர் வழக்கமா எங்கள் வீட்டு வழக்கமா தெரியாது: வேறொருவர் ஓட்டிய தோணியை வாங்கினால் வீட்டுக்காரிதான் முதலில் ஏறவேண்டும். ஒரு செம்பு நல்லதண்ணி, வலது கால், ஏறிப்போய்ப் பாய்மரத்தடியில் ஊற்றிக் கும்பிடுவாள். அதற்குப் பிறகுதான் காசு கைமாறும். வீட்டுக்காரி ஏறாத தோணி வீட்டுக்கு வராது என்று சொல்லுவார்கள். அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏற மறுத்த தோணியொன்றை அப்பா அப்படியே விட்டுவிட்டு வந்ததும் எனக்குத் தெரியும், நல்ல தோணி, வேறொருவன் வாங்கிப் பணக்காரனானான், அப்பா வாய் திறக்கவில்லை. கலியாணம் கட்டின புதிதில் ரஞ்சிக்கு இதைச் சொன்னேன். நாங்கள் அப்போது இருந்தது நிலக்கீழ் அறை, யன்னலில் பனி மூடி வெளியே ஒன்றும் தெரியாது. "அப்ப எனக்குத் தெரியாமல் நீங்கள் ஒண்டும் வாங்கேலாது" என்று சொல்லிக் கன்னத்தில் கிள்ளினாள். அந்தக் கிள்ளலுக்காகவே ஒரு கப்பல் வாங்கவேண்டும்போல இருந்தது. வாங்கவில்லை. அவளுக்கு அது மறந்துபோயிருக்கும். யார் இதையெல்லாம் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

நான் வாங்குகிறவனில்லை. பார்க்கிறவன். ஒவ்வொரு கோடையும் ஒரு படகு பார்க்கப் போவேன், மரப்படகு, பைபர், பாய், எஞ்சின், எல்லாவற்றையும் தூக்கி நிறுப்பேன், வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் நன்மை தீமை சொல்லுவேன், ஆரபி சின்னப்பிள்ளையாக இருந்து கேட்டாள், பிறகு பெரியபிள்ளையாக இருந்து கொட்டாவி விட்டாள். வீடு வாங்குகிறதும் அப்படித்தான், மலைப்பக்கம் தோட்டத்தோடு ஒரு வீடு ரஞ்சிக்குப் பிடித்திருந்தது, கத்தரி வைக்கலாம், மிளகாய்க்குக் கண்ணாடிக் கொட்டில் போடலாம் என்று சாமம் சாமமாகக் கதைத்தாள். யோசிப்போம் என்றேன். யோசித்து முடிக்க அதில் ஒரு போலந்துக்காரன் குடியிருந்தான். தகப்பனைப் போய்ப் பார்ப்பம், கடைசியாகப் பார்ப்பம், நீங்களும் வாங்கோ என்றாள். ஊரில் சண்டை நின்றபிறகு போவம், விசா எப்படி வருமோ யோசிப்பம் என்றேன். அந்த மனிசன் நான் யோசித்து முடிக்கும்வரை இருக்கவில்லை. அவள் அழவில்லை, அதுதான் எனக்கு அப்போது ஆறுதலாக இருந்தது. "நீங்கள் யோசிச்சு முடிக்கப் பிள்ளை படிச்சே முடிச்சிட்டாள்" என்று ஒருமுறை விருந்தாளிகளுக்கு முன்னால் சொன்னாள், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரித்துவிட்டுப் பார்த்தால் அவள் சிரிக்கவில்லை. இதையெல்லாம் ஒரு குற்றமென்று யாரும் சொல்லமாட்டார்கள். குடிக்கவில்லை, அடிக்கவில்லை, சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுத்தேன். நிறைய யோசித்தேன், அவ்வளவுதான். பாய் விரிக்கட்டுமா எஞ்சின் போடட்டுமா என்று கேட்டுக்கொண்டே துறையில் கட்டிக் கிடந்த படகு நான்.

காரில் அவள் தலை அசைகிறது. போனில் கதைக்கிறாள். ஆரபியோடுதான் இருக்கும், வேறு யாரோடு? இப்போது தலை பின்னால் சாய்கிறது, தோள் குலுங்குகிறது. சிரிக்கிறாள். கார்க்கண்ணாடி பூட்டியிருக்கிறது, மழை தூறுகிறது, இங்கிருந்து ஒரு சத்தமும் கேட்காது, ஆனால் அந்தக் குலுக்கலை எனக்குத் தெரியும், வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு, நிலக்கீழ் அறையில் மேல்வீட்டுக்காரிக்குக் கேட்காமல் சிரித்த சிரிப்பு. வீட்டில் அது இல்லாமல் போய்க் கனகாலம். வீட்டில் இப்போது பாத்திரங்கள்தான் கதைக்கின்றன. அவள் வேலைக்குப் போக முன் என் சோற்றைத் தட்டில் போட்டு இன்னொரு தட்டால் மூடி வைப்பாள், நான் சாப்பிட்டுக் கழுவிக் கவிழ்த்து வைப்பேன், அவள் வந்து அது கவிழ்ந்திருப்பதைப் பார்ப்பாள், இதுதான் சம்பாசணை. மருந்துக் குளிசை போட்டீர்களா என்று மட்டும் கேட்பாள். அவள் முதியோர் இல்லத்தில் வேலை, அங்கேயும் எல்லோரிடமும் அதைத்தான் கேட்பாள், அதே குரல், நல்ல குரல், ஒரு குறையும் சொல்லமுடியாத குரல். எனக்குப் பயமாக இருக்கிறது. என்னத்துக்குப் பயம் என்று சொல்லத் தெரியவில்லை. கரை தெரியாத இடத்தில் எஞ்சின் நின்றால் வருகிற பயம் இல்லை, அது எனக்கு வந்ததுமில்லை. அவள் என்னை ஏசினால் தாங்குவேன், தட்டை எறிந்தால் தாங்குவேன். எறிகிறவள் இன்னும் உன்னோடு இருக்கிறாள் என்று அர்த்தம். அன்பாக ஒரு படகு பார்த்துக் கொடுத்தால் என்ன அர்த்தம்? வாங்கினால் அதை அவள் கேட்டதற்காக வாங்கியதாக இருக்கும், வாங்காவிட்டால் இந்தமுறையும் இவன் யோசித்தான் என்றாகும். அவள் ஏறாமல் வாங்கினால் வீட்டுக்கு வராத படகு. ஏறு ரஞ்சி, ஒருக்கால் ஏறு, வாங்கினாலும் காரியமில்லை வாங்காவிட்டாலும் காரியமில்லை, வந்து இந்த அமுங்குகிற பலகையில் ஒரு கால் வைத்துவிட்டுப் போ. அவள் வரமாட்டாள். மழை வேறு.

தள்ளுவண்டி மரமேடையில் கடகடக்கிறது. ஆர்னே வருகிறார், பற்றரி வருகிறது, யோசிக்கக் கிடைத்த நேரம் முடிந்தது. யன்னலால் பார்க்கிறேன். கிழவருடைய றப்பர்ச் சப்பாத்துக்குப் பின்னால் நீலச் சப்பாத்து இரண்டு வருகின்றன. காரைப் பார்க்கிறேன், காரில் மஞ்சள் இல்லை. சுக்கான் அறைக் கதவில் தலையை இடித்துக்கொண்டு வெளியே ஓடினேன். ரஞ்சி மேடை ஓரத்தில் நிற்கிறாள், மழைச்சட்டைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, கையில் வேலைக்குக் கொண்டுபோகிற தண்ணீர்ப் போத்தல். மேடை ஆடுகிறது, அவள் கண்ணை மூடவில்லை. "கையைத் தாரும்" என்றேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"வலது கால் எண்டுதானே சொன்னனீங்கள்?"

தலையை ஆட்டினேன்.

"செம்பு இல்லை. இது காணுமோ?"

"காணும். இதே போதும்."

வலது காலை எடுத்து வைத்தாள். படகு அவள் பக்கம் கொஞ்சம் சரிந்து நிமிர்ந்தது, அந்தச் சரிவு என் உள்ளங்காலில் ஏறியது, எனக்கு அழுகை வந்தது, மழையில் தெரியாது. ஞாபகம் வைத்திருக்கிறாள். இத்தனை வருசம், ஒருமுறை சொன்ன கதையை, காலைக்கூட மாற்றாமல் ஞாபகம் வைத்திருக்கிறாள். அமுங்குகிற பலகையைத் தாண்டிப் பாய்மரத்தடிக்குப் போய்ப் போத்தலைத் திறந்து ஊற்றினாள், மிச்சம் வைக்காமல் கடைசிச் சொட்டுவரை, பிறகு கையைக் கூப்பிக் கண்ணை மூடினாள், கன நேரம் மூடியிருந்தாள். ஆர்னே பற்றரியைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி நின்றார். வாங்குவேன். நிறுக்கமாட்டேன், யோசிக்கமாட்டேன், இன்றைக்கே வாங்குவேன், மூழ்கினாலும் மூழ்கட்டும். அவளைக் கீழே கூட்டிக்கொண்டு போனேன், வாய் ஓயவில்லை, இது குசினி, இது தண்ணீர்த் தாங்கி, இது மழை படாமல் ஓட்டுகிற இடம். அவள் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தாள். பைப்பைத் திறந்து பூட்டினாள். அலுமாரியைத் திறந்து ஆழம் பார்த்தாள். கட்டிலில் உள்ளங்கையை அமர்த்தி அமர்த்திப் பார்த்தாள், இல்லத்தில் புதுக் கிழவர்களுக்கு மெத்தை பார்க்கிறவள், கை தானாகப் போகும்.

"இந்த அடுப்பைக் கழட்டிப்போட்டு மற்றக் கட்டிலைத் திரும்ப அடிப்பன், ரஞ்சி. ரெண்டு கிழமை வேலை. நீர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்."

"ஏன்? விடுங்கோ. அடுப்பு இருக்கட்டும்."

"உமக்குப் படுக்க..."

அவள் பற்றரியோடு பின்னால் இறங்கி வந்த ஆர்னே பக்கம் திரும்பினாள். அவளுடைய நோர்வேமொழி என்னுடையதைவிட நல்லது, சுத்தமானது, இல்லத்தில் உறவினர்களோடு கதைக்கிற மொழி. மாரிகாலத்திலும் இதற்குள் ஒரு ஆள் குடியிருக்கலாமா, குளிர் தாங்குமா, கடிதமெல்லாம் இந்தத் துறைக்கே வருமா என்று கேட்டாள்.

ஒருவருக்குத் தாராளம் என்றார் ஆர்னே. மனைவி போன பிறகு வீட்டைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு நான் இதற்குள்தான் இருந்தேன், அடுப்பை அணைக்காமல் விட்டால் வெயில் மாதிரி இருக்கும் என்றார்.

ரஞ்சி மூச்சு விட்டாள். கனகாலம் பிடித்து வைத்திருந்த மூச்சு, எனக்குக் கேட்டது. அவள் முகத்தில் கோபம் தேடினேன், ஒரு துளி கோபம் போதும், பிடித்துக்கொண்டு ஏறலாம். இல்லை. என் மழைச்சட்டைக் கழுத்தை இழுத்துச் சரிசெய்துவிட்டாள், ஆரபியைப் பள்ளிக்கூடம் அனுப்பும்போது செய்கிற மாதிரி.

"ஆரபியோடை கதைச்சிட்டன். அவளும் நல்லது எண்டுதான் சொல்லுறாள். நீங்கள் கடலைப் பாத்துக்கொண்டிருக்கலாம். சோறு வெள்ளிக்கிழமையளிலை கொண்டுவந்து தாறன், குளிசையும்." குரல் அந்த நல்ல குரல்தான், கடைசியில் மட்டும் கொஞ்சம் ஆடியது. "இதையும் யோசிக்கிறன் எண்டு சொல்லாதேங்கோ. வாங்குங்கோ."

ஆர்னேக்குத் தமிழ் தெரியாது. அவர் குனிந்து பற்றரியில் வயர்களைப் பூட்டி, கையைத் துடைத்து, சாவிக்கொத்திலிருந்து எஞ்சின் திறப்பை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நீயே திருப்பு, பழைய எஞ்சின், மூன்று நாலு தரம் திருப்பினால்தான் பிடிக்கும், பிடிக்காவிட்டால் கோபிக்காதே என்றார். ரஞ்சி வாசற்படியில் நின்றாள், வெறும் போத்தல் கையில். நான் சுக்கானுக்கு முன்னால் நின்றேன். முத்துமாரிக்கு நேர்ந்தேன், அவளுடைய கோப்பாய்ப் பிள்ளையாருக்கு நேர்ந்தேன், செத்துப்போன என் தகப்பனுக்கும் கதைக்காமல் செத்த அவளுடைய தகப்பனுக்கும் நேர்ந்தேன், பிடிக்கக்கூடாது, பிடிக்கக்கூடாது என்று நேர்ந்துகொண்டு திறப்பைத் திருப்பினேன். எஞ்சின் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது.